மில்லேயில் சொன்ன ஒரு பொய்: அஃபார் பயணத்தின் பன்னிரண்டு நாள்

2007 ஜனவரியில் மச்சாள் வாசுகியும் நானும் எதியோப்பியாவின் வடகிழக்கில் உள்ள அஃபார் பகுதிக்குப் போய் வந்தோம். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குத் தமிழில் எழுதப்பட்ட குறிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால் வழி, செலவு, நேரம் எல்லாவற்றையும் எழுதுகிறேன். நான் அங்கே செய்த பிழையையும் எழுதவேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை பயன்படாது.

போனதற்குக் காரணம் ஆஸியா. ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனை ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாக எனக்கு அடுத்த மேசை அவளுடையது. அஃபார் இனத்தவள், அகதியாக வந்தவள். அகதிப் பயணப் பத்திரத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது என்பதை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஒக்டோபரில் ட்வெய்ட்டாவில் அவளுடைய வீட்டுக்குப் போயிருந்தபோது, தாயிடம் ஒரு செய்தி சேர்க்கவேண்டும் என்றாள். நாங்கள் நோர்வேஜிய மொழியில்தான் பேசுவோம். என் காதில் அது தமிழாக விழுந்தபடி எழுதுகிறேன்.

"எழுதித் தாரும். போற ஆர் மூலமாவது குடுப்பிப்பம்," என்றேன்.

"அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிஞ்சாலும் கடிதத்திட்டைக் குறுக்குக் கேள்வி கேக்கேலாது. ஆர் சொன்னது, எப்ப சொன்னது, நீ கண்ணாலை கண்டனியோ எண்டு எங்கடை ஆக்கள் கேப்பினம். கடிதம் பேசாமல் கிடக்கும்."

"அப்ப ஆர் போறது?"

"நீங்கள் ஒண்டையும் கூட்டிச் சொல்லாத ஆள்," என்றாள்.

செய்தி சிறியது. அவள் இங்கே ஒருவரை மணந்துவிட்டாள். அவர் அஃபார் இல்லை. இனித் திரும்பிவந்து அங்கே வாழப்போவதில்லை. ஹஸன் அவளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஹஸன் அவளுடைய தாய்மாமன் மகன். அஃபார்களிடம் ஒருவனுக்குத் தன் அத்தை மகளை மணக்க முதல் உரிமை உண்டு. அவளை அவர்கள் 'அப்ஸுமா' என்கிறார்கள். தமிழ் வாசகர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. நான் இதை முன்பு நூலகத்தில் படித்து நம்பாமல் விட்டிருந்தேன். ஆபிரிக்கப் பாலையில் முஸ்லிம் இடையர்களிடம் நம்முடைய மச்சாள் முறை அப்படியே இருக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் ஆசையாக எனக்குத் தோன்றியது. நேரே பார்க்க நினைத்தேன். ஆஸியா கேட்டதும் முடிவு செய்துவிட்டேன்.

ஸ்தவாங்கரில் எண்ணெய் மேடையில் வேலை செய்யும் என் கணவர் ஒரு நிபந்தனை வைத்தார். அதன் பெயர் வாசுகி, அவருடைய தங்கை. லில்லெஸ்ட்ரோமில் முதியோர் இல்லத்தில் வேலை.

"எனக்கு ரெண்டு கிழமை ஃபெரியே லீவு கிடக்கு," என்றாள் வாசுகி. "அண்ணா என்னை உங்களுக்குக் காவலாய் அனுப்புறார், மச்சாள். எனக்கு ஆர் காவல்?"

ஒஸ்லோவிலிருந்து பிராங்பேர்ட் வழியாக அடிஸ் அபாபா: ஆளுக்கு 7,200 குரோணர். செவ்வாய் புறப்பட்டு புதன் காலை இறங்கினோம். அங்கே நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் ஒன்றை ஓட்டுநரோடு ஒரு நாளைக்கு 120 டொலருக்குப் பிடித்தோம். ஓட்டுநர் ஹமது. அஃபார்காரர், ஐம்பது வயதிருக்கும். முன்பு ஜிபூட்டித் துறைமுகத்துக்கு லொறி ஓட்டியவர்; ஆங்கிலம் அங்கேதான் பழகியிருக்கிறார். அவரே மொழிபெயர்ப்பாளரும் ஆனது வசதியென்று அப்போது நினைத்தேன்.

எதியோப்பியாவில் மணிக்கூடு சூரியன் உதிக்கும்போது தொடங்குகிறது. "நாளைக்கு ஒரு மணிக்கு" என்று ஹமது சொன்னால் அது காலை ஏழு. வாசுகி பகல் ஒரு மணிக்கென்று நம்பிக் குளித்துக்கொண்டிருந்ததால் வியாழக்கிழமைப் பயணம் எட்டரைக்குத்தான் தொடங்கியது. முதல் நாள் அவாஷ் நகரம் வரை 225 கிலோமீற்றர். மறுநாள் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். மேட்டுநிலத்தின் பச்சை முடிந்து கறுத்த எரிமலைக் கல்லும் முள்மரமும் தொடங்குகின்றன. தோளில் துப்பாக்கியும் இடுப்பில் வளைந்த கத்தியுமாக ஆண்கள் ஒட்டகங்களுக்கு முன்னால் நடக்கிறார்கள். கூரை வைத்த வீடு இல்லை. வளைத்த தடிகளின்மேல் பனையோலைப் பாய் போர்த்திய சிறிய கவிகை வீடுகள்தான். பெண்கள்தான் கட்டுகிறார்கள், பிரிக்கிறார்கள், ஒட்டகத்தில் ஏற்றுகிறார்கள். ஒரு வீட்டைப் பிரித்து ஏற்ற எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "தேநீர் கொதிக்க முதல்," என்றார் ஹமது.

வழியில் தனியாக நின்ற வேலமரம் ஒன்றின் அடிமரத்துக்கு ஒரு பெண் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். சற்று முன்தான் அவள் மணலை எடுத்துக் கையிலும் முகத்திலும் தடவி, மக்காவை நோக்கித் தொழுததைப் பார்த்தோம். தண்ணீர் ஆட்டுக்கு, தொழுகைக்கு மணலே போதும்; மார்க்கம் அதை அனுமதிக்கிறது என்று ஹமது சொல்லியிருந்தார்.

"இதுவும் மார்க்கமா?" என்று மரத்தைக் காட்டிக் கேட்டேன்.

"இல்லை, அம்மா. இது மரம்," என்றார்.

"எங்கடை மரத்தடி வைரவருக்கும் இதே பதில்தானே மச்சாள்," என்றாள் வாசுகி. எனக்குக் கோயிலில் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்த விதத்தில், கேள்விக்கு இடமில்லாத ஒரு வேலையை முடித்த தன்மை இருந்தது.

வெள்ளி மதியம் பன்னிரண்டரைக்கு மில்லே. நெடுஞ்சாலைச் சந்தியில் ஒரு தேநீர்க் கொட்டகை. அங்கேதான் முதன்முதலில் 'டாகு' பார்த்தேன். இரண்டு அஃபார்கள் சந்தித்தால், எவ்வளவு அவசரமானாலும் உட்கார்ந்து செய்தி பரிமாற வேண்டும். எங்கே மழை, எந்தக் கிணறு வற்றியது, யாருடைய ஒட்டகம் காணாமல் போனது, வழியில் யாரைக் கண்டாய், அவன் முகம் எப்படி இருந்தது. கேட்பவர் இடையிடையே ஒரு சத்தம் போட்டு மேலே சொல்லத் தூண்டுவார். கண்டது வேறு, கேட்டது வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மறைத்தாலும் மாற்றினாலும் குலத்தின் முன் பதில் சொல்ல வேண்டும். வீடு நகர்ந்துகொண்டே இருக்கும் மனிதர்களுக்குத் தபாலும் வரைபடமும் இதுதான்.

கொட்டகையில் இருந்தவர் ஆஸியாவின் குலத்துக்காரர், யாயோ என்று பெயர். ஹமதுவின் கையைப் பிடித்து முத்தமிட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் பேசினார். ஆஸியாவின் தாயிடம் போகிறோம் என்று ஹமது சொன்னதும் என் பக்கம் திரும்பினார். பனிநாட்டில் இருக்கும் ஆஸியாவின் செய்தி என்ன?

நான் அந்தச் செய்தியைத் தாயிடம்தான் சொல்ல வேண்டும். தேநீர்க் கடையில், ஈ மொய்க்க, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு பெண்ணின் கலியாணத்தை எப்படிப் பேசுவது? யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் வாயில் தயாராக இருக்கும் பதில் வந்தது.

"சுகமாயிருக்கிறா."

ஹமது மொழிபெயர்த்தார். யாயோ காத்திருந்தார். பிறகு கேட்டார்: வருவாளா?

"வருவா."

எப்போது?

"அடுத்த கோடைக்கு."

அதை உன்னிடம் அவளே சொன்னாளா?

"ஓம்."

நான்கு பதில். முதலாவதுதான் உண்மை. ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் அயலட்டைக்குச் சொல்லும் "வருவினம், வருவினம்" தான் அது. நம்மவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். ஒருவரும் அதை நம்பி அடுப்பு மூட்டுவதில்லை. ஜீப்பில் ஏறியதும் வாசுகி என்னைப் பார்த்தாள்.

"அவ வாறன் எண்டு சொன்னவவே?"

"சும்மா கேட்டதுக்குச் சும்மா சொன்னனான்."

"அந்தாள் சும்மா கேட்ட மாதிரித் தெரியேல்லை, மச்சாள்."

அன்றிரவு லொகியா. சனி காலை அங்கிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீற்றரில் அஸாயிட்டா. அதற்கு மேலே போக அனுமதிக் கடிதம் வேண்டும், அலுவலகம் திங்கள்தான் திறக்கும். எதியோப்பியக் காசில் முப்பது பிர் கொடுத்து விடுதியின் மொட்டை மாடியில் கட்டில் பிடித்தோம். அறைகள் இருக்கின்றன, ஆனால் வெக்கையால் அவற்றில் எவரும் படுப்பதில்லை. கீழே அவாஷ் ஆறு. கடலுக்குப் போகாத ஆறு. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஏரிகளில் முடிந்துவிடுகிறது. இரண்டு நாள் நன்றாக ஓய்வெடுத்தோம்.

திங்கள் எட்டு மணிக்குக் கடிதம் கிடைத்தது, நூறு பிர். பக்கத்தில் தேநீர் விற்ற பெண் என்னைக் கண்டதும் எழுந்து வந்து ஹமதுவிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். ஹமதுவும் மகிழ்ச்சியாகத் திரும்பினார்.

"உங்கள் செய்தி சனிக்கிழமையே ஏரிப் பக்கம் ஆஸியாவின் ஆட்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நல்ல வேளையில் வந்தீர்கள். காத்திருந்தது போதுமென்று, இந்த வியாழன் ஹஸனுக்கு ஸஹ்ரா என்ற பெண்ணோடு கலியாணம் என்று இருந்தது. அப்ஸுமா வருகிறாள் என்றதும் நிறுத்திவிட்டார்கள்."

ஜீப் புறப்பட்டு ஊர் எல்லை தாண்டியதும் சொன்னேன். ஆஸியா வரப்போவதில்லை என்று ஒரே வசனத்தில் சொன்னேன். ஹமது வண்டியை நிறுத்தி இறங்கி, அதன் மறுபக்கத்தில் போய் நின்றார். ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் தெரிந்தது.

"நீங்கள் சொன்னது உங்கள் வாயால் போகவில்லை. என் வாயால் போயிருக்கிறது. நான் இந்தச் சாலையில் முப்பது வருடம் டாகு கொடுத்தவன்."

"அதுக்குத்தான் போகவேணும்," என்றேன்.

"திரும்பிப் போவோம். அடிஸிலிருந்து யாராவது மெதுவாகச் சொல்லட்டும்."

"மெதுவாச் சொன்னால் அந்தப் பெட்டையின்ரை கலியாணம் எத்தினை மாசத்துக்கு நிக்கும்?"

அவர் வண்டியைக் கிளப்பினார். "இவ முடிவெடுத்தால் எங்கடை அண்ணாவே மாத்தேலாது," என்று வாசுகி அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிவைத்தாள்.

அஸாயிட்டாவிலிருந்து அஃபம்போ ஏரிப் பக்கம் இருபத்தெட்டு கிலோமீற்றர் ஜீப் போகும். இரண்டரை மணி நேரம் எடுத்தது. அங்கே ஒரு காவலருடைய குடிசையில் இரவு தங்கி, செவ்வாய் காலை ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கினோம். தண்ணீருக்கு ஒரு ஒட்டகம் வாடகைக்கு, நாளுக்கு எண்பது பிர். பதினொரு கிலோமீற்றர். பத்து மணிக்கு மேல் கல் செருப்பைச் சுடும். வாசுகி மூன்று தடவை இளைப்பாறக் கேட்டாள். நான் இரண்டு தடவைக்கு மேல் விடவில்லை. அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

பதினைந்து பாய்வீடுகள். ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வழக்கமாக விருந்தாளிக்கு முதலில் பால் வரும். ஹமது முதல் ஆளிடம் என்ன சொன்னாரோ, பால் வரவில்லை. ஒரு மரநிழலில் உட்காரச் சொன்னார்கள். ஆண்கள் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். கடைசியில் ஆஸியாவின் தாய் கதீஜா வந்தார். உயரமான, நிமிர்ந்த பெண், விரல்களில் ஓலையின் ஈரம். சற்றுத் தள்ளி ஹஸன் நின்றான், தாடியில் நரை தொடங்கிய மனிதன். அவனுக்குப் பின்னால் பெண்கள் கூட்டத்தில் நீலத்துணி போர்த்திய ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஸஹ்ரா என்று கேட்காமலே தெரிந்தது.

நான் கண்டதையும் கேட்டதையும் பிரித்துச் சொன்னேன். ஆஸியாவின் கணவனைக் கண்ணால் கண்டிருக்கிறேன், நல்ல மனிதன். அவர்களுடைய வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இனி வந்து வாழமாட்டேன் என்று அவள் தன் வாயால் என்னிடம் சொன்னாள். ஹஸன் காத்திருக்க வேண்டாம் என்றாள். மில்லேயில் நான் சொன்னது பொய்.

குலத்தலைவர் கேட்ட முதல் கேள்வி: "பொய் அவளுடையதா, உன்னுடையதா?"

"என்னுடையது. ஹமதுவுக்கும் தெரியாது."

"எதற்காகச் சொன்னாய்? இதில் உனக்கு ஒட்டகமா கிடைக்கும்?"

"எங்கள் ஊரில் கெட்ட செய்தியை நேரே சொல்லமாட்டோம். சுகம், வருவார்கள் என்றுதான் சொல்லுவோம். கேட்பவர் மனம் நோகாமல்."

"அப்படியென்றால் உங்கள் ஊரில் ஒருவருக்கு ஒரு விஷயம் எப்படித் தெரியவரும்?"

யோசித்துப் பார்த்தேன். "ஊகிப்போம்," என்றேன்.

ஹமது மொழிபெயர்த்ததும் எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒருவர் தரையில் கையால் அடித்துச் சிரித்தார். ஸஹ்ரா சிரிக்கவில்லை. கதீஜாவும் சிரிக்கவில்லை.

பிறகு அவர்கள் தங்களுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். முடிவை ஹமது சொன்னார். என்னை அவர்கள் தண்டிக்கவில்லை. அந்நியப் பெண், தானாக நடந்து வந்து சொன்னவள். ஆனால் நான் இப்போது இரண்டு விதமாகச் சொன்ன ஆள். எதை நம்புவது? பொய்யை முதலில் கேட்டவர் யாயோ. அவர் முன்னால், அதே இடத்தில், அவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அவருக்குத் திருப்தியானால் அவருடைய வாயால் செய்தி திரும்பி வரும். அது வந்த பிறகுதான் கலியாணம்.

எங்கள் திட்டத்தில் இன்னும் நான்கு நாள் இருந்தது: அஃப்தேரா உப்பு ஏரியும் அதைச் சுற்றியுள்ள எரிமலைகளும். வாசுகி ஒஸ்லோவிலிருந்தே அதற்காகக் கமரா வாங்கி வந்திருந்தாள்.

"உப்பு ஏரி அங்கையே கிடக்கும்," என்றாள், நான் கேட்பதற்கு முன்னரே. "நீங்கள் சொல்ல வேண்டாம் மச்சாள். மில்லே எண்டு தெரியும்."

புறப்பட முன் பால் வந்தது. புகையூட்டிய ஓலைக் குடுவையில் ஒட்டகப்பால். கரிவாசனையோடு லேசான உப்பு. கதீஜாவே கொண்டுவந்தார். மகளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி தந்தார். அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் செய்து, சரியென்ற பின்புதான் உள்ளே போனார்.

புதன் அஸாயிட்டா, வியாழன் பகல் மில்லே. யாயோ அங்கே இல்லை. ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். கொட்டகையில் ஐந்து மணி நேரம் இருந்தோம். அவர் வந்ததும் நான் உட்கார்ந்தேன். முதலில் சொன்ன நான்கு பதிலையும் நானே எடுத்துச் சொல்லி, எது உண்மை, எது பொய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நாற்பது நிமிடம் கேள்வி கேட்டார். ஆஸியாவின் கணவன் எந்த இனம், தொழுவானா, என்ன வேலை, அவர்கள் சண்டை பிடித்து நான் கண்டிருக்கிறேனா? ஒருமுறை கண்டிருக்கிறேன், அதையும் சொன்னேன். என் தொழிலில் ஒரு நாளைக்கு நூறு முடிவுகளில் கையெழுத்திடுகிறேன். இவ்வளவு கவனமாக என்னை எவரும் சரிபார்த்ததில்லை. முடிந்ததும் அவர் எழுந்து, வடக்கே போகும் லொறி ஒன்றை மறித்து ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஒஸ்லோவில் வேலை முடிந்ததும் ட்வெய்ட்டாவுக்குப் போனேன். ஆஸியா கோப்பி ஊற்றவில்லை. முன்னால் உட்கார்ந்தாள். என் பொய்யிலிருந்து தொடங்கினேன். அவள் முகம் மாறியது. ஆனால் இடையில் பேசவில்லை. மேலே சொல்லத் தூண்டும் அந்தச் சிறிய சத்தத்தை மட்டும் போட்டாள். கடைசியில் தாயின் செய்தி.

"நீ வாறாய் எண்டு கேட்ட அண்டைக்கே உனக்கு வீடு கட்டப் பாய் பின்னத் தொடங்கினனான். பாதி முடிஞ்சுது. நீ வரமாட்டாய் எண்டு இண்டைக்குக் கேட்டன். அழுதனான். பாயை முடிச்சு ஸஹ்ராவுக்குக் குடுப்பன்."

பழைய நானாக இருந்தால் பாயைச் சொல்லியிருக்கமாட்டேன். அழுததை நிச்சயமாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

"அழுததை நீங்கள் கண்டனீங்களோ?" என்று ஆஸியா கேட்டாள்.

"இல்லை. கேட்டதுதான். கண்டது விரலிலை ஈரம்."

அவள் எழுந்து போய்க் கோப்பி ஊற்றினாள். பிறகு நன்றி சொன்னாள். அது உபசாரத்துக்குச் சொன்ன நன்றி இல்லை. மறுநாள் வேலையில் என்னோடு பேசவுமில்லை. இரண்டு கிழமை பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி இரண்டும்தான் ஏற்ற மாதங்கள். அனுமதிக் கடிதத்துக்கு வார இறுதி அகப்படாமல் திட்டமிடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். கேட்காமல் எவரையும் படம் எடுக்க வேண்டாம். அஃபார் ஓட்டுநரையே பிடியுங்கள்; அவர் வழிகாட்டி மட்டுமல்ல, உங்கள் சொல்லுக்குப் பிணையும் அவரே. செய்தி கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லையென்றால் "இது தாயிடம் மட்டும் சொல்லவேண்டிய செய்தி" என்று சொல்லலாம். அதை அவர்கள் மதிப்பார்கள் என்று ஹமது பிறகு சொன்னார். அந்த ஒரு வசனம் எனக்கு மில்லேயில் தோன்றவில்லை.

பெப்ரவரிக் கடைசியில் ஆஸியா என் மேசைக்கு வந்தாள். ஜிபூட்டியில் இருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் பேசியிருக்கிறார். யாயோவின் சொல் போய்ச் சேர்ந்து, கலியாணம் நடந்துவிட்டது. ஸஹ்ராவின் வீட்டில் புதுப்பாய் இருக்கிறது. அந்தச் செய்தியோடு நானும் ஜிபூட்டி வரை போயிருக்கிறேன். ஆஸியா அதைச் சொல்லுக்குச் சொல் ஒப்பித்தாள்: "பனிநாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பதுக்குக் கிட்ட வயது. கறுப்பி, கண்ணாடி போட்டவள், சிரிக்கமாட்டாள். பொய் சொன்னாள். பிறகு வெயிலில் நடந்து வந்து, பொய் சொன்னேன் என்றாள்."

அவள் காத்திருந்தாள். அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்றேன்.